தழும்புச் சாட்சிகள்

கஸ்பார் மொத்தா தன் பாம்புகளை விற்கப்போகிறார் என்ற செய்தி சிப்பித்துறைக்குள் பரவிய காலையில், ஐஸ் கம்பெனியிலிருந்து மாதா கோயில் வரைக்கும் ஒரு வேலையும் உருப்படியாக நடக்கவில்லை. ஏலக்காரர் மீனைக் கூறு போட்டுவிட்டு விலை கூற மறந்தார், டீக்கடையில் பால் பொங்கி அடுப்பை அணைத்தது, உப்பளத்துக்குப் போகவேண்டிய பெண்கள் தலைத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு நடுரோட்டிலேயே நின்றார்கள், டவுன் பஸ் கண்டக்டர் விசிலை ஊதாமல் கையில் பிடித்தபடி 'யாருக்காம், யாருக்காம்?' என்று ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். யாருக்கு என்பது சாப்பாட்டு நேரத்துக்குள் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் ஊரே பியூட்டி பார்லர் தெக்லாவின் வாசலைப் பார்த்துத் திரும்பியது.

தெக்லா அப்போது தபால்காரர் மனைவிக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்தாள். செய்தியைக் கேட்டதும் பல்லில் கடித்திருந்த நூல் அறுந்துபோனது. பாம்பைக் கண்டால் அவளுக்குப் பயமில்லை. வேண்டுமானால் கோபம் என்று சொல்லலாம், ஏனென்றால் அவள் தொழில் பாதிக்குமேல் படுத்ததே அந்தப் பாம்புகளால்தான். கன்னத்துத் தோலை வருடம் ஒருமுறை சட்டையைக் கழற்றுவதுபோலக் கழற்றிவிட்டுப் புதுத் தோலோடு நடமாடுகிற ஊரில் எவள் காசு கொடுத்து ஃபேஷியல் செய்துகொள்வாள்? புருவமும் மணப்பெண் அலங்காரமும்தான் அவளுக்கு மிச்சம். பாம்பு எதை வேண்டுமானாலும் செய்யும், கொண்டை போடாது.

விஷயம் இதுதான். கஸ்பார் மொத்தா முப்பது வருடம் சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். கூடப்போனவர்கள் துறைமுகத்துக்குத் துறைமுகம் ரேடியோவும் சென்ட் பாட்டிலும் வாங்கிவர, இவர் பாம்பு வாங்கிவந்தார், வாங்கிய ஊரின் பேரையே அதற்கும் வைத்தார். தடித்துக் கட்டையாக, பலாக்கொட்டை நிறத்தில் இருந்தது மொம்பாசா, பச்சையாகக் கொடிபோல் தொங்கியது பினாங்கு, எவ்வளவு நீளம் என்று யாரும் முழுதாகப் பார்த்திராதது சாண்டோஸ், இன்னும் சில. ஓய்வுபெற்று வந்து அத்தனையையும் கடலோரத்து வீட்டில் வைத்துக் குடித்தனம் நடத்தினார். அந்தப் பாம்புகளில் ஒன்றை உடம்பில் எந்த இடத்தில் படுக்கவைக்கிறோமோ, அந்தப் பாம்பு அடுத்த முறை சட்டை உரிக்கும்போது அந்த இடத்துத் தோலும் வலியில்லாமல் கழன்று, அடியில் பச்சைப்பிள்ளைத் தோல் இருக்கும். ஏன் அப்படி என்று சிப்பித்துறையில் யாரும் கேட்டதில்லை. கடல் ஏன் உப்புக்கரிக்கிறது என்றும் அவர்கள் கேட்டதில்லை, அதைப் பாத்தி கட்டி வாரி விற்றார்கள், அவ்வளவுதான்.

முதலில் உரித்தது உப்பளத்துப் பேச்சித்தாய். உப்பளத்துக் கால் என்றால் அந்தக் கரையில் எல்லாருக்கும் தெரியும். காலையிலிருந்து உச்சிவரை கருப்பநீர் என்கிற அடர்ந்த உப்புத்தண்ணீரில் நின்று உப்பு வாரி வாரிப் பாதம் வெடித்து, வெடிப்புக்குள் உப்பு ஏறி, ராத்திரி தேங்காயெண்ணெய் தடவித் துணி சுற்றிப் படுத்தாலும் எரிச்சலில் தூக்கம் வராது, செத்துச் சிதையில் வைத்தாலும் உடம்பெல்லாம் வெந்த பிறகு பாதம் மட்டும் வேகாமல் கிடக்கும் என்பார்கள். ஒருநாள் வேலை முடிந்து போகிற வழியில் பேச்சித்தாய் கஸ்பார் வீட்டு வாசற்படியில் தண்ணீர் கேட்டு உட்கார்ந்தாள். மொம்பாசா மெதுவாக ஊர்ந்து வந்து அவள் இரண்டு பாதத்தின்மேலும் குளிர்ச்சியாகப் படுத்துக்கொண்டது. விலக்கிவிடக்கூடத் தெம்பில்லாமல் அவள் அப்படியே கிடக்கவிட்டாள். மாதம் திரும்புவதற்குள் மொம்பாசா சட்டை உரித்த காலையில், அவளுடைய இரண்டு பாதத்துத் தோலும் காலுறைபோலக் கழன்று பாயில் கிடந்தது. அதை ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் உப்பளத்தில் காட்டினாள். பார்த்த பெண்கள் யாரும் வாயைப் பிளக்கவில்லை. "கஸ்பார் அண்ணாச்சி எந்த நேரம் வீட்டுல இருப்பாரு?" என்று மட்டும் கேட்டார்கள்.

அதிலிருந்து ஊர் பாம்போடு வாழப் பழகியது. கஸ்பார் காசு வாங்கமாட்டார் என்பதால் வருகிறவர்கள் ஆளுக்கொரு எலி கொண்டுவந்தார்கள், வீட்டுக்கு வீடு எலிப்பொறி வைத்தார்கள், ஊரில் எலியே இல்லாமல் போய்ப் பக்கத்து ஊரில் சம்பந்தம் செய்தவர்கள் அங்கிருந்து எலி பிடித்து அனுப்பச்சொன்னார்கள், சம்பந்தி வீட்டுச் சீர்வரிசையில் எலிக்கூண்டும் ஒன்றாகச் சேர்ந்தது. பங்குச் சாமியாருக்குத்தான் கொஞ்சநாள் சங்கடம். பீடத்தில் மாதா பாம்பின் தலையை மிதித்துக்கொண்டு நிற்க, ஊர் பாம்பைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடுகிறதே என்று ஒரு ஞாயிறு பிரசங்கத்தில் வருந்தினார். அவருக்கே கழுத்தில் வருடக்கணக்காக ஒரு படை இருந்தது. அடுத்த ஞாயிறு கழுத்து பளபளவென்று வந்து, மாதா மிதித்தது வேறு பாம்பு, அது ஏதேன் தோட்டத்துப் பாம்பு, இவை துறைமுகத்துப் பாம்புகள் என்று விளக்கம் சொன்னார். ஊர் ஆமென் சொன்னது.

நிஜமான சிக்கல் ரேஷன் கடையில் வந்தது. புது விரலில் புது ரேகை இருந்தது, மெஷின் யாரையும் அடையாளம் காணவில்லை, 'நீ நீதான் என்பதற்கு என்ன ஆதாரம்' என்று பச்சை விளக்கு எரியாமலே நின்றது. பள்ளிக்கூடத்திலும் அதே கதை. சர்டிபிகேட்டில் 'வலது முழங்கையில் ஒரு தழும்பு' என்று எழுதியிருக்க, பையன் முழங்கை கண்ணாடிபோல் இருந்தது. தலைமையாசிரியர் யோசித்துவிட்டு, தோல் உரிக்கப்போகிறவர் எவராயிருந்தாலும் முன்கூட்டியே இரண்டு பேரைக் கூட்டிவந்து, போகப்போகிற அடையாளத்தைக் காட்டி, அவர்களைச் சாட்சியாக வைத்துக்கொள்ளட்டும் என்றார். சாட்சி நாலு கேள்வி கேட்கவேண்டும்: எங்க இருக்கு? யாரால வந்துச்சு? எப்ப? நொந்துச்சா? கேட்டுப் பார்த்துத் தொட்டுவிட்டு, "பாத்துட்டோம், இனி அது எங்ககிட்ட இருக்கும்" என்று சொல்லவேண்டும். புதுத் தோலோடு ஆள் வெளியே வருகிற அன்று, அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது, போன தழும்பைச் சொல்லித்தான் கூப்பிடவேண்டும்.

ரேஷன் கடைக்குக் கண்ணைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கிற மெஷின் வந்து அந்தச் சட்டத்துக்கு வேலை இல்லாமல்போன பிறகும், ஊர் அதை விடவில்லை. "வலது தோள், திருக்கை வாலு, கல்யாணத்துக்கு மொத நாளு!" என்று படகிலிருந்து ஒருத்தன் கத்துவான், கரையில் நிற்கிறவன் புதுத் தோளைத் தட்டிக்கொண்டு "அதே ஆளுதாம்ல!" என்பான். வலைக்காரர் சேவியர் தன் முதுகில் இருந்த பெல்ட் தழும்புக்குத் தன் தகப்பனையே சாட்சியாகக் கூப்பிட்டார். கிழவர் எங்க என்று கேட்டார், எப்ப என்று கேட்டார், 'நொந்துச்சா' என்று கேட்கவேண்டிய இடத்தில் மகனின் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். கூட நின்றவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். இப்படி ஒருத்தர் உடம்பில் பட்டதை இன்னொருத்தர் மனதில் வைத்துக்கொண்டு நடமாடிய ஊர் அந்தக் கடற்கரையில் வேறு இல்லை, எனக்குத் தெரிந்து எந்தக் கடற்கரையிலும் இல்லை.

அந்த ஊரில் பாம்பிடம் போகாத ஒரே ஆள் தெக்லா.

கஸ்பார் அன்று மாலையே அவள் பார்லருக்கு வந்தார். தினமும் எல்லாப் பாம்புகளையும் தோளிலும் கையிலும் தூக்கிக் குளிப்பாட்டி இரைபோடுகிறவர் என்பதால், வருடத்துக்குள் அவர் உடம்பு முழுக்கவே உரிந்து புதிதாகிவிடும். எழுபது வயதில் கல்லூரி மாணவன் முகம், அந்த முகத்துக்குப் பொருந்தாத எழுபது வயது முழங்கால். பஸ்ஸில் ஐம்பது வயதுக்காரர்கள் அவரை எழுப்பிவிட்டு உட்காருவார்கள். அவர் வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து, சுவர் முழுக்க நின்ற தேக்குச் சட்டம் போட்ட கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டார். இருபது வருடத்துக்கு முன் தெக்லா கன்னியாகுமரிப் பக்கமிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடும் இந்தக் கண்ணாடியோடும் வந்து இறங்கியவள். அதற்கு முன்கதை ஊரில் யாருக்கும் தெரியாது.

"மாமா, பாம்பை வச்சு நான் என்ன செய்ய?" என்றாள் தெக்லா.

"நான் செஞ்சதத்தான். எலி போடு, தண்ணி மாத்து, வாரவுகளப் பாத்துச் சிரி."

"இப்ப ஏன் விக்கீய?"

கஸ்பார் கன்னத்தைத் தடவிக்கொண்டார். "எம் பொஞ்சாதி இன்னாசி போயி மூணு வருசமாச்சுல்லா. கடைசிவரைக்கும் ஒரு பாம்பத் தொடல அவ. பாம்பத் தொட்ட கையோட என்னத் தொடாதேயும்னு சாம்பல் போட்டுக் கழுவ வைப்பா. போகும்போது அவ மூஞ்சி மடிச்சு வச்ச வலை கணக்கா இருந்துச்சு, அவ்வளவு அழகு. நான் இந்த மூஞ்சியோட அங்க போயி நின்னா, 'யாரு தம்பி நீ, யாரு வீட்டுப் பிள்ளை'ன்னு கேப்பாளா மாட்டாளா? எனக்கு என் வயசு வேணும் தெக்லா. பாம்பு கூட இருந்தா அது வராது."

"விலை?"

"இந்தக் கண்ணாடி. ஒவ்வொரு சுருக்கமா வாரதப் பாக்கணும், ஒண்ணு விடக்கூடாது. என் சவரக் கண்ணாடியில ஒரு கன்னத்துக்கு மேல தெரியாது."

தெக்லாவுக்குச் சிரிப்பு வந்தது. "ஊர்ல இத்தனை பேரு இருக்க என்கிட்ட ஏன் வந்தீய?"

"எல்லாத்தையும் பாத்தாச்சு. கடலுக்குப் போறவன் வாங்கமாட்டான், உடம்பு கரை ஒதுங்கினா பச்சை குத்துனத வச்சுத்தான் அவனக் கண்டுபிடிக்கணும். உப்பளத்துப் பிள்ளைக வீட்டுல உப்புக்காத்து, பாம்பு ஒரு வாரம் தாங்காது. கோயில்ல கேட்டா சாமியாரு மாதா முகத்தப் பாக்காரு. அதுபோக, ஊர்ல எல்லாரும் பாம்புகிட்ட எதையாவது கேட்டு வந்தாச்சு. கேக்காதவ நீ ஒருத்திதான். கேக்காத கையிலதான் குடுக்கணும்னு தோணுச்சு."

பெரிய மனதோடுதான் அதைச் சொன்னார். ஆனால் தெக்லா ஏன் கேட்கவில்லை என்பது அவருக்குத் தெரியாது.

வேறொரு ஆளும் பாம்புகளைக் கேட்டிருந்தான். பெரிய ஊரில் சருமப் பராமரிப்பு நிலையம் நடத்துகிற நிரஞ்சன். வெள்ளிநிறக் காரில் வந்து, பாம்புகளுக்கு ஏசி அறை, வருகிறவர்களுக்கு முன்பதிவு என்று வாய் நிறையப் பேசி, ஒன்றுக்குப் பத்துக் கண்ணாடி தருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். திருவிழாக் கொடியேற்றத்து அன்று காலை திரும்பி வருவான். அதற்குள் தெக்லா ஒரு பதில் சொல்லிவிட்டால் போதும், இல்லையென்றால் பாம்புகள் காரில் ஏறும். ஏறினால் உப்பளத்துப் பெண் எவளும் அந்த ஏசி அறைக்கு ஒரு எலியைக் கையில் பிடித்துக்கொண்டு போய் நிற்க முடியாது என்பது ஊருக்கே தெரியும். அதைத் தெக்லாவிடம் வாய்விட்டுச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. அது அந்த ஊரின் பண்பு.

கஸ்பார் போனதும் தெக்லா கதவைச் சாத்திவிட்டு இடது மணிக்கட்டில் கட்டியிருந்த அகலமான வார் வாட்சைக் கழற்றினாள். அது ஓடி எத்தனையோ வருடமாகிறது. வாருக்கு அடியில், வெளுத்து, உற்றுப்பார்த்தால்தான் தெரிகிற மாதிரி, எதிரெதிராக இரண்டு சின்னப் பிறைகள் இருந்தன. ஒரு குழந்தை கடித்த தடம். அம்மை ஊசி போட ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனபோது, நர்ஸைக் கடிக்க எட்டாமல், பிடித்திருந்த அம்மாவின் கையைக் கடித்துவிட்ட ஸ்டெல்லாவின் தடம். அடுத்த மழைக்காலத்துக் காய்ச்சலில் ஸ்டெல்லா போய்விட்டாள், மூன்று வயதுகூட நிறையவில்லை. அதன்பிறகு புருஷன் கப்பலேறிப் போனவன் திரும்பவில்லை, வீட்டுக்குள் ஏறிய வெள்ளத்தில் போட்டோக்கள் போயின, குழந்தையின் சின்னச் சட்டைகளை யாரோ யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். உலகத்தில் ஸ்டெல்லா என்று ஒருத்தி இருந்ததற்கு மிச்சம் இந்த மணிக்கட்டுதான். பாம்புகளை வாங்குகிறவள் பாம்புகளைச் சுமக்கவேண்டும், சுமக்கிறவள் வருடத்துக்குள் முழுசாக உரிவாள், உரிந்தால் இது போகும். அதனால்தான் அவள் இத்தனை நாள் மொம்பாசா படுத்திருக்கிற தெருப்பக்கம்கூடப் போனதில்லை.

தப்ப வழியிருக்கிறதா என்று யோசிக்காமலில்லை. முன்பு ஒருமுறை ஏலக்காரர் தன் அதிர்ஷ்ட மச்சத்தைக் காப்பாற்ற பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு பாம்பைப் படுக்கவைத்தார். உரிந்த தோலில் பிளாஸ்திரியும் அதன் அடியில் மச்சமும் பத்திரமாக இருந்தன, அவர் மார்பில்தான் ஒன்றும் இல்லை. உரிந்ததை வைத்துக்கொள்ளவும் முடியாது, கடற்காற்றுப் பட்டதும் அது உப்புத்தூளாக உதிர்ந்துவிடும். பேச்சித்தாயின் காலுறைகளுக்கும் அதே கதிதான்.

இரண்டு நாள் தெக்லா ஒரு முடிவுக்கும் வரவில்லை. மூன்றாம் நாள் உச்சிவெயிலில், தன்னை அறியாமலேயே கஸ்பார் வீட்டுப்பக்கம் போய், வேலிக்கு வெளியே நின்றாள். உள்ளே நடுக்கூடத்தில் உப்பளத்துப் பெண்கள் வரிசையாகச் சுவரில் சாய்ந்து கால்நீட்டி உட்கார்ந்திருந்தார்கள்; சாண்டோஸ் அந்தக் கால்களின்மேல் முதல் பெண்ணிலிருந்து கடைசிப் பெண் வரைக்கும் ஒரே நீளமாகக் கிடந்தது; கிறிஸ்தவப் பெண்கள் அருள்நிறை மந்திரமும் மற்றவர்கள் முருகா முருகாவும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்; பாதி மந்திரத்திலேயே ஒவ்வொருத்தியாகத் தூங்கிப்போனார்கள். பகலில், உட்கார்ந்தபடி, வாய் லேசாகத் திறந்து, எரிச்சலில்லாத தூக்கம். அந்தப் பெண்கள் அப்படித் தூங்கி அவள் பார்த்ததேயில்லை. பினாங்கு ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டு அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. கஸ்பார் சத்தம் வராமல் கால்விரலில் நடந்து ஒருத்தியின் தலைக்குப் பின்னால் தலையணை வைத்தார். அழகுநிலையம் நடத்தி இத்தனை வருடத்தில் தான் இப்படி ஓர் அழகைச் செய்ததில்லை என்று தெக்லா நினைத்தாள். வயிற்றெரிச்சலாக இருந்தது, கும்பிடவேண்டும் போலவும் இருந்தது.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் மதியம் பேச்சித்தாய் பார்லருக்கு வந்தாள். கூடவே நாலைந்து பெண்கள், எல்லாரும் வேலை முடிந்த கோலம், முழங்கால்வரை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. கெஞ்சத்தான் வந்திருக்கிறார்கள் என்று தெக்லா நினைத்தாள். கெஞ்சினால் மறுத்துவிடலாம், மறுப்பதற்கு ஒரு கோபமாவது கிடைக்கும் என்றுகூட நினைத்தாள்.

"யக்கா, பாம்ப வாங்காதீய," என்றாள் பேச்சித்தாய்.

தெக்லா திகைத்துப்போனாள்.

"எங்களுக்காவ வாங்குதீயளோன்னு பயமா இருக்கு. அதாஞ் சொல்ல வந்தோம். உங்களுக்கு என்னமோ இருக்கு. இல்லாட்டி ஓடாத வாட்ச யாராவது இத்தன வருசம் கட்டுவாகளா? மணி கேட்டா நீங்க அடுத்த கடைக் கடியாரத்தத்தான் எட்டிப் பாக்கீய. எங்களுக்குக் கால் வெடிக்கது பழகுனதுதான். எங்க ஆத்தாமாருக்கு எந்தப் பாம்பு வந்துச்சு? நீங்க மனசப் போட்டு ஒளப்பாதீய."

தெக்லா வாரின் கொக்கியை நெம்பி வாட்சைக் கழற்றி, கையை நீட்டினாள்.

பேச்சித்தாய் அந்த ஊர்க்காரி. நீட்டிய கையைக் கண்டதும் அவள் வாயில் அந்த ஊர்க் கேள்விதான் வந்தது. மற்ற பெண்களும் தாமாக நெருங்கி வந்தார்கள்.

"எங்க இருக்கு?"

"இடது மணிக்கட்டு."

"யாரால வந்துச்சு?"

இருபது வருடமாக அந்த ஊரில் சொல்லாத பேர் நாக்கில் ஏறச் சிரமப்பட்டது. "எம் பொண்ணு. ஸ்டெல்லா."

பெண்களில் ஒருத்தி மூச்சை உள்ளே இழுத்தாள். பேச்சித்தாய் கேள்வியை விடவில்லை, விட்டால் தெக்லா விழுந்துவிடுவாள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. "எப்ப?"

"அம்மை ஊசி போடும்போது. அதுக்கு அடுத்த மழையில அவ போயிட்டா."

"நொந்துச்சா?"

"ரத்தம் வந்துச்சு. நான் அவள அடிச்சுட்டேன். கன்னத்துல. ஊசி வலியோட அதும் சேந்து..." அதற்குமேல் முடியாமல் தெக்லா நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள், பெண்கள் சுற்றி நின்று தலையை மார்போடு சேர்த்துக்கொண்டார்கள், உப்பு வாசனையோடு. அழுகை அடங்கியதும் ஒருத்தி மெல்லக் கேட்டாள், "இந்தப் பல்லு கொஞ்சம் கோணலாக்கா?"

"ஆமா, ரெண்டாவது. ஒண்ணுமேல ஒண்ணு ஏறி இருக்கும்."

"சிரிச்சா தெரியுமோ?"

"சிரிச்சா அதுதான் மொதல்ல தெரியும்." தெக்லா அதைச் சொல்லிவிட்டுத் தானே ஆச்சரியப்பட்டாள். ஸ்டெல்லாவின் சிரிப்பைப் பற்றி யாரும் அவளை இதுவரை கேட்டதில்லை. கேள்விக்குப் பின் கேள்வியாக வந்தது. அவளுக்கு என்ன பிடிக்கும், கருப்பா சிவப்பா, யார் ஜாடை, பேச்சு வந்துவிட்டதா? சாட்சியின் நாலு கேள்வியில் இவையெல்லாம் இல்லை, பெண்கள் சும்மா கேட்டார்கள். தெக்லா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள், விளக்கு வைக்கிற நேரம்வரை சொன்னாள். கடைசியில் ஒவ்வொருத்தியும் குனிந்து அந்தத் தழும்பை விரலால் தொட்டுப்பார்த்தாள்.

"பாத்துட்டோம்," என்றாள் பேச்சித்தாய். "இனி அது எங்ககிட்ட இருக்கும்." சொன்ன பிறகுதான் அந்த வாக்கியம் எங்கே கொண்டுவிடும் என்று அவளுக்கே உறைத்தது, "யக்கா, நான் வாங்கச் சொல்லல..." என்று பதறினாள்.

"தெரியும்ட்டி," என்றாள் தெக்லா.

மறுநாள் காலையில் கோயில் மணி அடிக்க, வெள்ளிநிறக் கார் கடற்கரைத் தெருவுக்குள் திரும்பியபோது, எதிரே ஒரு வானம் நடந்து வந்தது. டிரைவர் பிரேக்கைப் போட்டான். ஐஸ் கம்பெனி ஆட்கள் நாலு பேர் தெக்லாவின் கண்ணாடியைத் தூக்கி வந்துகொண்டிருந்தார்கள், அதில் மேகமும் பறக்கிற கொடியும் காக்கைகளும் போய்க்கொண்டிருந்தன, பின்னால் தெக்லா கையை வீசிக்கொண்டு வந்தாள், கையில் வாட்ச் இல்லை. நிரஞ்சன் இறங்கி, இருபது கண்ணாடி தருகிறேன் என்று சொல்லிப்பார்த்தான். கஸ்பார் அவன் தோளைத் தட்டி, "தம்பி, எனக்கு இருக்கது ஒரு மூஞ்சிதான்," என்று சொல்லி, வந்ததற்கு ஒரு காப்பி கொடுத்து அனுப்பிவைத்தார்.

பாம்புகள் மீன்கூடைகளில் ஊர்வலமாகப் பார்லருக்கு வந்தன. புது வீடு அவற்றுக்குப் பிடித்துவிட்டது. மொம்பாசா ஷாம்பு அலமாரிக்கு அடியில் இடம் பிடித்தது, பினாங்கு ஹேர் டிரையர் கம்பியில் தொங்கியது, சாண்டோஸ் கண்ணாடி இருந்த இடத்தில், சுவரில் வெளுத்துத் தெரிந்த பெரிய சதுரத்தை ஒட்டி நீட்டிப் படுத்தது. முதல் தடவை அதைத் தூக்கித் தோளில் போட்டு, அதன் தலையை இடது மணிக்கட்டில் வைத்தபோது தெக்லா கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு பழகிவிட்டது. உப்பளத்துப் பெண்கள் இப்போது ஃபேஷியல் நாற்காலிகளைச் சாய்த்துப் போட்டுத் தூங்கினார்கள். கஸ்பார் தினமும் வந்து, இன்று ஒன்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை என்று முகத்தைத் தொங்கப்போட்டுவிட்டுப் போனார். ஒருநாள் ஓட்டமும் நடையுமாக வந்து கண்ணோரத்தைக் காட்டினார். மயிரிழை மாதிரி ஒரே ஒரு கோடு. தெக்லா அதைத் தொட்டுப் பார்த்து, நன்றாக இருக்கிறது மாமா, இன்னாசியக்கா பார்த்தால் கண்டுபிடித்துவிடுவாள் என்றாள். அவர் அன்று தெருவுக்கெல்லாம் மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

மழை தொடங்குவதற்கு முன் ஒரு விடியலில் சாண்டோஸ் சட்டை உரித்தது. தெக்லா எழுந்தபோது இடது கை முழுதும் கையுறைபோலக் கழன்று பாயில் கிடந்தது. அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள், மணிக்கட்டில் இரண்டு பிறைகளும் அப்படியே இருந்தன, வாசல்வரை கொண்டுபோவதற்குள் ஓரங்கள் உப்பாக உதிரத் தொடங்கின. உள்ளங்கையில் கொஞ்சநேரம் வைத்துக்கொண்டிருந்தாள், பிறகு அதுவும் இல்லை. புது மணிக்கட்டைப் பார்த்தாள். யாருமே தொட்டிராத தோல். பெரிய தவறு செய்துவிட்டேன் என்று அவளுக்குத் தோன்றியது, சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது தெருவில் உப்பளத்துக்குப் போகிறவர்களின் காலடி கேட்டது. பேச்சித்தாய் முன்னால் வந்தாள். வாசலில் நின்ற தெக்லாவின் கையைப் பார்த்தாள், நின்றாள், தெருவே கேட்கும்படி வழக்கம் தப்பாமல் கூப்பிட்டாள்:

"இடது மணிக்கட்டு, ஸ்டெல்லாக்குட்டி கடிச்சது, அம்மை ஊசிக்கு! மேல நாலு பல்லு, மூணாவது கோணல்!"

"மூணாவதா? ரெண்டாவதுல்லா!" என்றாள் பின்னால் வந்தவள்.

"ஏட்டி, நான் தொட்டுப் பாத்தேன், மூணாவதுதான்."

"நீ எதுத்தாப்புல நின்னு எண்ணுன. நானும்தான் தொட்டேன். எனக்குத் தெரியாதா அவ பல்லு?"

"சிரிச்சா மொதல்ல தெரியும்னாகல்லா, அப்ப அது நடுப்பல்லாத்தான் இருக்கணும்," என்று மூன்றாமவள் புதிதாக ஒன்றைக் கிளப்பினாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது, பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு யார் பல்லு என்று கேட்டார், "நம்ம தெக்லாக்கா மக ஸ்டெல்லா பல்லுதான்" என்று யாரோ சொன்னார்கள், "அதக் கேக்கியா, ரெண்டாவதுதான்" என்று அவரும் ஒன்றும் தெரியாமலே ஒரு பக்கம் சேர்ந்துகொண்டார், தலைத்துணியை உதறிக்கொண்டு, கையை நீட்டிக்கொண்டு, விடிந்தும் விடியாத தெருவில் ஒரு குழந்தையின் பல்லுக்காக அத்தனை பேரும் சண்டைபோட்டார்கள்.

தெக்லா படியிறங்கி நடுத்தெருவுக்கு வந்தாள்.

"சும்மா கெடங்கட்டி எல்லாரும்," என்றாள். "ரெண்டாவதுதான். பெத்தவ எனக்குத் தெரியாதா?"